சிற்றூர் நூலகத்தில் நிகழ்ச்சி நடத்தினால் ஆள் வருவதில்லை. எதில் தொடங்குவது?

கேள்வி: "சிறிய ஊர் ஒன்றின் பொது நூலகத்தில் நூலகராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நான் ஒருத்திதான், உதவிக்குப் பகுதிநேரமாக ஒருவர் வருகிறார். நிகழ்ச்சிகள் நடத்தி மக்களை உள்ளே வரவழைக்கச் சொல்கிறார்கள். இரண்டு கூட்டங்கள் நடத்தினேன். போட்ட நாற்காலியில் பாதிகூட நிரம்பவில்லை. எதை நடத்தலாம், எப்படித் தொடங்கலாம், எத்தனை பேர் வந்தால் போதும் என்று நினைக்கலாம்?"

அந்த இரண்டு கூட்டங்களை நினைத்து மனம் தளர வேண்டாம். நாற்காலிகள் நிரம்பியிருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் ஒரு சிறிய ஊர் நூலகத்தில் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் பெரிய விழா ஒன்று எடுத்தேன். மேடை, ஒலிபெருக்கி, வெளியூரிலிருந்து நல்ல பேச்சாளர் என்று ஒரு மாத உழைப்பு. கூட்டம் வாசல் வரை நின்றது. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது நாளிதழ் படிக்க வழக்கமாக வரும் அதே ஐந்தாறு பேர்தான் நின்றார்கள். மாதக் கடைசியில் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினேன். புதிய பெயர்கள் முந்தைய மாதத்தைவிடக் கூடவில்லை. வந்தவர்கள் பேச்சாளரைக் கேட்க வந்தவர்கள், கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். விழா நடந்த இடம் நூலகம் என்பது அவர்களுக்கு முக்கியமாகவே இல்லை.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான். ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே மூலை. மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள், ஒருவர் வந்தாலும் நடத்துங்கள். ஓர் ஆண்டு முடியும்வரை இடைவெளி விடாதீர்கள். பன்னிரண்டு பெரிய விழாக்களால் நடக்காத காரியம் இப்படிப்பட்ட ஒரு சிறிய வாராந்தர நிகழ்ச்சியால் நடக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. சிறிய ஊரில் செய்தி வாய்வழியாகப் போகிறது. ஒரு தாய் தன் குழந்தையைக் கதை கேட்க அழைத்துவந்தார் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். தெரிந்த பின் அந்த வீட்டுக்காரர் ஒருநாள் குழந்தையோடு கிளம்பி வரும்போது, "இந்த வாரம் இல்லை, அடுத்த மாதம்தான்" என்று நீங்கள் சொன்னால் அவர் இன்னொரு முறை வருவது சந்தேகம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அப்பாற்பட்ட பொது இடங்களை 'மூன்றாம் இடம்' என்று பெயரிட்டு எழுதினார். அப்படிப்பட்ட இடத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் அங்கே வாடிக்கையாக வருகிறவர்கள்தாம் என்பது அவர் கவனித்த முக்கியமான செய்திகளில் ஒன்று. வாடிக்கையாக வர வேண்டுமென்றால் முதலில் நாம் வாடிக்கையாக நடத்த வேண்டும்.

எதை நடத்துவது என்பதை அலுவலகச் சுற்றறிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்து ஊரைப் பார்த்தும் செய்யாதீர்கள். இரண்டு வாரம் எதுவும் நடத்தாமல் மேசையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மணிக்கு யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள், என்ன கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், 'கைக்குழந்தையோடு ஒருவர், மூத்த பிள்ளை புத்தகம் எடுக்கும்வரை வாசலிலேயே நின்றார்' என்ற அளவில் போதும். நான் இப்படி எழுதியபோது வந்த வரி இது. பள்ளிக்குப் போகும் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, சின்னக் குழந்தை அழுது தொந்தரவு செய்யுமோ என்று பயந்து வெளியிலேயே நிற்கும் தாய்மார் எங்கள் நூலகத்தில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அத்தனை நாளும் என் கண்ணில் படாதவர்கள் நோட்டில் எழுதிய பிறகுதான் தெரிந்தார்கள். என் முதல் நிகழ்ச்சி அவர்களுக்காகத்தான் தொடங்கியது. உங்கள் நோட்டில் வேறு யாரோ இருப்பார்கள். ஏற்கெனவே வாசல்வரை வந்துவிட்டவரை ஓரடி உள்ளே அழைப்பதுதான் இருப்பதிலேயே எளிது.

ஆனாலும் எதுவும் தோன்றவில்லை என்றால் குழந்தைகளுக்கான கதை நேரத்தில் தொடங்குங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எளிதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் தவறாக நடத்தப்படுகிறது.

அரை மணி நேரம் போதும். மூன்று படப் புத்தகங்களுக்கு மேல் வேண்டாம். நீளமான கதையை முதலில் வையுங்கள், பிள்ளைகளின் கவனம் தொடக்கத்தில்தான் அதிகம். நடுவில் கைதட்டி ஆடிப்பாட ஒரு சிறு பாட்டு. ஒவ்வொரு வாரமும் அதே பாட்டில் தொடங்கி அதே பாட்டில் முடியுங்கள். இரண்டாவது மாதத்தில் நீங்கள் வாயெடுப்பதற்கு முன்பே பிள்ளைகள் பாடத் தொடங்குவார்கள். புத்தகத்தின் படம் அவர்களைப் பார்க்கும்படி பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அதற்கு எழுத்து உங்களுக்கு ஏறக்குறைய மனப்பாடமாக இருக்க வேண்டும். எனவே முந்தைய நாள் வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள். இந்தச் சிரமத்துக்கு ஜப்பானியர்கள் அழகான தீர்வு கண்டார்கள். கமிஷிபாய் என்ற அவர்களுடைய அட்டைக் கதையில் படம் பார்வையாளர் பக்கமும் கதை அட்டையின் பின்பக்கமும் இருக்கும். 1930களில் கதைசொல்லிகள் சிறிய மரச்சட்டத்தைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார்கள். பழைய அட்டைப்பெட்டியில் அந்தச் சட்டத்தை ஒரு மதியத்தில் வெட்டி ஒட்டிவிடலாம். பெரிய பிள்ளைகளை வைத்தே படங்களை வரையச் செய்தால் அதுவே இன்னொரு நிகழ்ச்சி.

கதையை முழுக்க நீங்களே சொல்லி முடிக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோரிடம், படிக்கும்போது கேள்வி கேட்டு, குழந்தை சொன்னதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லும்படி பயிற்சி கொடுத்தார்கள். ஒரே மாதத்தில், வழக்கம்போலப் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட இவர்களின் பேச்சு முன்னே போயிருந்தது. குழந்தை "நாய்" என்றால் நீங்கள் "ஆமாம், நனைந்த நாய், அது எங்கே ஓடுது?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் முறை. ஆனால் வாரத்துக்கு அரை மணி நேரம் நீங்கள் இப்படிச் செய்வதால் மட்டும் குழந்தைக்குப் பெரிய பயன் வந்துவிடாது. வீட்டில் தினமும் நடந்தால்தான் வரும். அதனால் கதை நேரத்தின் உண்மையான மாணவர்கள் பெற்றோர்தான். அவர்களைப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்க்க விடாதீர்கள். பிள்ளைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கிற கேள்விகள் அவர்கள் காதில் விழட்டும். தினம் ஒரு புத்தகம் என்றால் மூன்று ஆண்டில் 1,095 புத்தகம். இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் கண் விரிவதைப் பார்ப்பீர்கள். ஒரே புத்தகத்தை நூறு முறை படித்தாலும் கணக்கில் சேரும் என்பதையும் கூடவே சொல்லுங்கள். குழந்தைகள் அப்படித்தான் கேட்பார்கள், அதில் தவறே இல்லை.

நூலகத்துக்கு வரவே வராத குடும்பங்களை எப்படிப் பிடிப்பது? 1992இல் பிரிட்டனின் பர்மிங்காமில் 'புக்ஸ்டார்ட்' திட்டம் 300 குழந்தைகளோடு தொடங்கியது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு இலவசப் புத்தகம் போய்ச் சேர்ந்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சுகாதாரப் பணியாளர்கள். எனக்கு அதில் பிடித்தது இந்த யோசனைதான். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் இடத்துக்கு எல்லாத் தாய்மாரும் வருகிறார்கள். அங்கே பணிபுரிபவரிடம் நட்பாகப் பேசி, கதை நேரம் பற்றிய துண்டுச்சீட்டை அவர் கையால் கொடுக்கச் செய்தால், உங்கள் அறிவிப்புப் பலகையில் ஓராண்டு ஒட்டி வைப்பதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

பள்ளி விடுமுறைக்கால வாசிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். சமூகவியலாளர் பார்பரா ஹேன்ஸ் அட்லாண்டா நகர மாணவர்களை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட முடிவுகளில், கோடை விடுமுறையில் பிள்ளைகள் கற்றதில் ஏற்படும் ஏற்றத்தாழ்வுக்கும் நூலகத்தைப் பயன்படுத்துவதற்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. விடுமுறை வாசிப்பைப் பல நூலகங்கள் போட்டியாக நடத்தி அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு கொடுக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே வேகமாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் அது போகும்; எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இரண்டாவது வாரத்தில் படித்ததைக் குறிக்கும் அட்டையைத் தூக்கி எறிந்துவிடும். புத்தகங்களை எண்ணாமல் நாட்களை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் படித்தால் அட்டையில் ஒரு கட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம். படக்கதை, விளையாட்டுப் பத்திரிகை, கிரிக்கெட் புள்ளிவிவரம், எதுவாக இருந்தாலும் சரி. புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

தடுமாறிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. 1999இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், பயிற்சி பெற்ற நாய்களுக்குக் குழந்தைகள் உரக்கப் படித்துக் காட்டும் ஏற்பாடு தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நாய் திருத்தாது, அவசரப்படுத்தாது, பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடாது. அதுதான் சூட்சுமம். அதற்கு நாய் தேவையில்லை. காலையில் நாளிதழ் படித்து முடித்து, வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் நூலகத்திலும் இருப்பார்கள். "தாத்தா, இந்தப் பிள்ளை படிப்பதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். தப்பு விட்டாலும் திருத்தாதீர்கள்" என்று கேளுங்கள். எங்கள் நூலகத்தில் நான் நடத்தியவற்றிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானது இது. இருவரும் வாசிப்புக் கூடத்திலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி உட்கார வேண்டும், பெற்றோருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட எதிலும் மூடிய அறை என்பதே கூடாது.

பெரியவர்களுக்கு என்றதும் எல்லாரும் வாசகர் வட்டத்தைத்தான் முதலில் தொடங்குகிறார்கள், மூன்றாம் மாதம் அது நின்றுபோகிறது. காரணம் ஆர்வக் குறைவு என்று நினைப்போம். உண்மையில் புத்தகத்தின் பிரதிகள் போதாததுதான் பெரும்பாலும் காரணம். பத்துப் பேர் ஒரே நாவலைப் படித்துவிட்டு வர வேண்டும் என்கிறோம், அலமாரியில் இருப்பது ஒரு பிரதி. படிக்காமல் வந்தவர் வாய்மூடி உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த முறை வர மாட்டார். அதற்குப் பதில் ஒரு சிறுகதையை அங்கேயே ஒருவர் உரக்க வாசிக்கட்டும். இருபது நிமிடம் வாசிப்பு, பிறகு பேச்சு. யாரும் தயாரித்துக்கொண்டு வர வேண்டியதில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் உட்காரலாம். பேசவே கூச்சப்படுகிறவர்களுக்கு அமைதி வாசிப்பு நேரம் இருக்கிறது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு தோழிகள் தொடங்கி உலகெங்கும் போன முறை அது. அவரவர் புத்தகத்தை அவரவர் படிப்பது, ஒரு மணி நேரம் கழித்து விருப்பம் இருந்தால் பேசுவது. இதற்கு உங்களுக்கு ஆகும் வேலை விளக்குப் போடுவது மட்டும்தான்.

ஆனால் உங்கள் நோட்டில் அடிக்கடி வரப்போகும் வரி வேறு என்று நினைக்கிறேன். "இந்தப் படிவத்தை நிரப்பித் தருவீர்களா?", "போனில் இது வரமாட்டேங்குது." இது நூலக வேலையா என்று தயங்குகிற நூலகர்கள் இருக்கிறார்கள். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கென வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு விண்ணப்பத்துக்காக மூன்று இடம் அலைந்து வந்தவரின் நேரமும் நேரம்தான். இதை வகுப்பாக நடத்தாதீர்கள். பத்துப் பேரை உட்கார வைத்துக் 'கணினி அறிமுகம்' சொல்லிக்கொடுத்தால் ஒருவருக்கும் அவருடைய சிக்கல் தீராது. வாரத்தில் இரண்டு மணி நேரம், ஒருவருக்கு இருபது நிமிடம், அவருடைய போன், அவருடைய சிக்கல். சில கட்டுப்பாடுகள் மட்டும் வேண்டும். கடவுச்சொல்லை நீங்கள் கேட்கவும் கூடாது, எழுதி வைக்கவும் கூடாது. விரல் அவருடையதாகவே இருக்கட்டும். நீங்கள் சுட்டிக்காட்டுங்கள், தொடாதீர்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் அடுத்த முறை அவரே செய்வார். நூலகக் கணினியில் செய்திருந்தால் எழுவதற்கு முன் வெளியேறிவிட்டாரா, இறக்கிய கோப்பு அழிந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். பணப் பரிவர்த்தனையை அவர் சார்பில் நீங்கள் செய்ய வேண்டாம். பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்கள் இரண்டு பேரைப் பழக்கிவிட்டால் இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்வார்கள். பதின்வயதினர் நிகழ்ச்சி கேட்க வருவது அரிது. பொறுப்புக் கொடுத்தால் வருவார்கள்.

இன்னொன்றையும் மனதார சிபாரிசு செய்கிறேன். ஊர் நினைவு நாள். வீட்டில் இருக்கும் பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயே ஸ்கேன் செய்து அன்றே கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு படம்கூட உங்களிடம் இரவு தங்கக் கூடாது. தொலைந்தால் அந்த வீட்டின் நம்பிக்கை என்றைக்கும் திரும்பாது. சிறிய படங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் பிற்பாடு பெரிதாக்கிப் பார்க்கலாம். பின்பக்கம் பெயர் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தின் மேல் வந்துவிடும். படத்தில் யார், எந்த இடம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். 'சுவருக்குச் சரி, இணையத்துக்கு வேண்டாம்' என்பவர்கள் நிறைய. நூலகத்துக்கு இதில் கிடைப்பது வேறெந்த நூலகத்திலும் இல்லாத தொகுப்பு. நாங்கள் நடத்தியபோது, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு படத்தைச் சுவரில் மாட்டி 'இவர்களைத் தெரியுமா?' என்று எழுதிவைத்தோம். அதைப் பார்க்கவென்றே, நூலகப் படி மிதித்திராதவர்கள் வந்தார்கள்.

கோபன்ஹேகனைச் சேர்ந்த இளைஞர் அமைப்பு ஒன்று 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் 'மனித நூலகம்' தொடங்கியது. புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை அரை மணி நேரம் இரவல் எடுத்து, அவர் வாழ்க்கையைக் கேட்கலாம். நல்ல முறை. ஆனால் சிறிய ஊரில் அப்படியே செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெருநகரத்தில் தன் வலியைச் சொன்னவர் கூட்டத்தில் கரைந்துவிடலாம். சிற்றூரில் மறுநாளும் அதே தெருவில், அதே முகங்களுக்கு நடுவில் நடக்க வேண்டும். எனவே வாழ்க்கைக் காயங்களை விட்டுவிட்டு, தொழிலையும் கைத்திறனையும் வைத்து அழையுங்கள். கிணறு வெட்டியவர், தறி நெய்தவர், முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவர். அவர்கள் பேசி முடித்ததும் கேட்டவர்கள் அவர்களைப் பார்க்கும் பார்வை மாறியிருக்கும்.

விதைகளை இரவல் தரும் விதை நூலகம், பழுதான பொருட்களைக் கொண்டுவந்து சரிசெய்துகொள்ளும் பழுதுபார்ப்பு நாள் இரண்டும் இப்போது பரவலாகப் பேசப்படுகின்றன. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் பொது நூலகத்தில் 2010இல் தொடங்கிய விதை இரவல் முறை பலருக்கு முன்மாதிரி ஆனது. பழுதுபார்ப்பு நாளின் தொடக்கம் 2009இல் ஆம்ஸ்டர்டாம். உங்கள் ஊரில் விதை சேமிப்பவரோ பழுது பார்ப்பவரோ முன்வந்தால் நடத்துங்கள். நீங்கள் தேடிப்போக வேண்டியிருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் புத்தகத்தோடு ஒரு முடிச்சு வேண்டும். இதில் நான் இரண்டாண்டு செய்த தவறு ஒன்று உண்டு. நிகழ்ச்சி நடக்கும்போது இரவல் மேசையைப் பூட்டிவிடுவேன், ஆள் நான் ஒருவன்தானே என்று. கதை கேட்டுவிட்டு, கேட்ட கதையை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்ட பிள்ளையிடம் "நாளைக்கு வா" என்று சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. நிகழ்ச்சிக்குப் பிறகு அரை மணி நேரமாவது இரவல் மேசை திறந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு சின்ன மேசையில் அன்றைய பொருளை ஒட்டிய பத்துப் பதினைந்து புத்தகங்களை அட்டை தெரியும்படி நிறுத்திவையுங்கள். சொன்ன கதையின் பிரதி ஒன்றுதான் இருக்கும், அதை ஒருவர் எடுத்துவிடுவார், மற்றவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. அங்கேயே உறுப்பினராகச் சேரும் படிவமும் இருக்கட்டும். 'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்' என்பது ரங்கநாதனின் மூன்றாவது விதி. அந்த வாசகர் அன்று உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

கூடத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிகழ்ச்சிகள் சூடுபிடித்ததும் அது கட்டாயம் வரும். எழுத்தில் விதி இல்லாமல் ஒரு குழுவுக்குக் கூடத்தைக் கொடுத்தேன். அடுத்து வந்த குழுவின் நோக்கம் எனக்கு உவப்பாக இல்லை, மறுத்தேன். பக்கச்சார்பு என்ற பெயர் வந்தது, அது தகும். அமெரிக்காவில் 1938இல் டெமோய்ன் நகர நூலகம் எழுதிய உரிமைச் சாசனத்தை அடுத்த ஆண்டே அமெரிக்க நூலகச் சங்கம் திருத்தி ஏற்றுக்கொண்டது. கூட்ட அறைகளை, கேட்பவரின் கொள்கை எதுவானாலும் சமமாகத் தர வேண்டும் என்பது அதில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் கருத்து. முதல் விண்ணப்பம் வருவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்: யார் கேட்கலாம், எத்தனை மணி நேரம், கூட்டம் எல்லாருக்கும் திறந்ததா, விற்பனை உண்டா, சேதத்துக்கு யார் பொறுப்பு. மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் வைக்க வேண்டாம். பொது நூலகம் கொள்கையளவில் இலவசமாக இருக்க வேண்டும் என்பதை யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1994 பதிப்பிலும் 2022 பதிப்பிலும் தெளிவாகச் சொல்கிறது.

யாராவது உதவ முன்வந்தால் என்ன கேட்பது என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள். ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. அவர் கட்டடத்துக்குப் பணம் கொடுக்கும்போது, அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நடத்தும் செலவுக்கு ஊர் ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். கட்டடம் ஒருமுறை, செலவு வருடாவருடம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நிகழ்ச்சிக்கும் அதுதான். கோப்பையும் பதாகையும் வாங்கித் தர வருபவரிடம், ஓராண்டுக்கு வண்ணத்தாளும் பென்சிலும் ஐந்து படப் புத்தகங்களுக்குக் கூடுதல் பிரதிகளும் கேளுங்கள்.

படியேற முடியாதவர்கள், தொலைவில் இருப்பவர்கள் உங்களிடம் வர மாட்டார்கள். 1931இல் மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்குப் போனார்கள். கொலம்பியாவின் லா குளோரியாவில் ஆசிரியர் லூயிஸ் சொரியானோ இரண்டு கழுதைகள் மேல் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போனார். உங்களுக்கு ஒரு பையும் மாதம் ஒரு மதியமும் இருந்தால் போதும், ஆனால் அதை இரண்டாம் ஆண்டில் வையுங்கள். முதல் ஆண்டில் உங்கள் சக்தி முழுவதும் அந்த ஒரு வாராந்தர நிகழ்ச்சிக்கே வேண்டும். நீங்கள் நோயில் படுத்தாலும் அது நடக்க வேண்டும். எனவே பகுதிநேர உதவியாளரோ ஆர்வமுள்ள ஒரு பெற்றோரோ இரண்டாம் மாதத்திலிருந்தே மாதம் ஒருமுறை நடத்திப் பழகட்டும்.

அறிவிப்பைப் பொறுத்தவரை, சிறப்பு விருந்தினர் பெயர்கள் நிறைந்த அழைப்பிதழால் பயனில்லை. யாருக்கு, என்ன, எந்தக் கிழமை, எத்தனை மணி என்ற ஒரே வரியைப் பெரிய எழுத்தில், மக்கள் காத்திருக்கும் இடங்களில் ஒட்டுங்கள்: பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வரிசை, பள்ளி வாசல். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் எங்கும் போடாதீர்கள்.

கடைசியாக, எத்தனை பேர் வந்தால் போதும் என்று கேட்டீர்கள். முதல் மூன்று மாதத்துக்கு எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் ஒருவர் இருவர்தான் என்றால் நிகழ்ச்சியை மாற்றும் முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். மேலிடத்துக்கு அறிக்கை கேட்பார்கள், அவர்களுக்கு எண் வேண்டும். வந்தவர் தொகையை மட்டும் கொடுத்தால் அடுத்த முறை அதைக் கூட்டிக் காட்டச் சொல்வார்கள், நீங்கள் மறுபடி விழாவுக்குப் போய்விடுவீர்கள். எனவே முதல் அறிக்கையிலிருந்தே நான்கு எண்களைச் சேர்த்துக் கொடுங்கள்: வந்தவர்கள், அவர்களில் முன்பும் வந்தவர்கள், அன்று புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள், அன்று அந்த ஒரு மணி நேரத்தில் இரவல் போன புத்தகங்கள். கூடவே அன்று நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு காட்சியை இரண்டு வரியில். தொடர்ந்து மூன்றாவது வாரமாக வருகிறவர்களின் பெயரை மட்டும் உங்கள் நோட்டில் தனியாகக் குறித்து வையுங்கள். நீங்கள் வர முடியாத வாரம் யாரிடம் சாவியைக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்லலாம் என்று தேடும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும்.